வெல்வெட் பஸ்ஸா: பேய் வராத ஊர்ல என்ன நடக்கும்?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு படம். பேரு 'வெல்வெட் பஸ்ஸா'. 2019 ஜனவரியில சன்டான்ஸ் திரைப்பட விழாவுல முதல்ல காட்டினாங்க, பிப்ரவரி 1-ஆம் தேதி நெட்ஃப்ளிக்ஸ்ல வந்துச்சு. எழுதி இயக்கினவர் டான் கில்ராய். வழக்கம்போல முதல்லயே சொல்லிடறேன், முழுக் கதையையும் உடைக்கப் போறேன். யார் யார் சாகறாங்க, எப்படிச் சாகறாங்க, எல்லாம் வரும். படம் பார்க்கணும்னு நினைக்கறவங்க இங்கேயே நிறுத்திட்டு, பார்த்துட்டு வாங்க. ரெண்டு மணி நேரத்துக்கும் கம்மிதான்.

இது லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தோட ஓவிய வியாபார உலகத்துல நடக்கற கதை. ஓவியம்னதும் ரவிவர்மா மாதிரி யோசிக்காதீங்க. இது சமகாலக் கலை. ஒரு பெரிய உலோக உருண்டை, அதுல ஓட்டைகள், ஓட்டைக்குள்ள கையை விட்டா ஒவ்வொருத்தருக்கும் ஒரு உணர்வு கிடைக்கும்னு சொல்லுவாங்க. ஒரு ரோபோ பிச்சைக்காரன், பேரு ஹோபோமேன், ஊன்றுகோல் வெச்சுக்கிட்டு, என்னால உன்னைக் காப்பாத்த முடியாதுன்னு திரும்பத் திரும்பச் சொல்லிட்டு இருப்பான். விலை பல லட்சம் டாலர். அந்த மாதிரி உலகம்.

கதை

ஜோசஃபீனான்னு ஒரு பொண்ணு, ஒரு பெரிய கேலரியில வேலை பார்க்கறா. அவ குடியிருக்கற கட்டடத்துல ஒரு வயசானவர் செத்துக் கிடக்கறார். பேரு வெட்ரில் டீஸ். சொந்தம் பந்தம் யாரும் இல்லை. வீடு முழுக்க அவர் வரைஞ்ச ஓவியங்கள். எல்லாத்தையும் அழிச்சிடணும்னு அவர் சொல்லியிருந்தார்னு அவளுக்குத் தெரியவருது. அவ என்ன பண்றா? வீட்டுக்குள்ள போய் எடுத்துட்டு வந்துடறா.

அதை மோர்ஃப் கிட்ட காட்டறா. மோர்ஃப் ஒரு விமர்சகர், நம்ம ஜேக் ஜிலன்ஹால். அவர் நல்லா இருக்குன்னு எழுதினா விலை ஏறும், குப்பைன்னு எழுதினா ஒரு ஓவியனோட வாழ்க்கையே முடிஞ்சிடும். டீஸோட ஓவியத்தைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கற அளவுக்குப் பிடிச்சுப் போகுது. அதுல பொய் இல்லை, உண்மையிலேயே பிடிக்குது. ஆனா அடுத்த காட்சியிலேயே, இவரைப் பத்தின புத்தகம் எழுதற உரிமை எனக்குத்தான்னு பேரம் பேச ஆரம்பிச்சிடறார்.

ஜோசஃபீனாவோட முதலாளி ரோடோரா, ரெனே ருஸ்ஸோ பண்ணியிருக்காங்க. விஷயம் தெரிஞ்சதும் மொத்தத்தையும் தன் கேலரி வழியா விக்க ஏற்பாடு பண்றாங்க. இங்கதான் எனக்குப் படத்துல ரொம்பப் பிடிச்ச சின்ன விஷயம் வருது. ஓவியங்கள் நிறைய இருக்குன்னு வெளிய தெரிஞ்சா விலை விழுந்துடும். அதனால ஒரு பகுதியைப் பெட்டியில போட்டுக் கிடங்குக்கு அனுப்பிடறாங்க. கையில இருக்கறதை இல்லைன்னு காட்டினாத்தான் காசு. வெங்காயத்தைப் பதுக்கற அதே கணக்குதான், கிடங்குல மட்டும் ஏசி ஓடும்.

அந்தப் பெட்டிகளை வண்டியில ஏத்திட்டுப் போற ஆள்தான் முதல்ல சாகறான். அதுக்கப்புறம் வரிசையா. போட்டி கேலரிக்காரன் டான்டன் தன் கழுத்துல போட்டிருந்த துண்டாலேயே தொங்கறான். மியூசியத்துல க்யூரேட்டரா இருந்து, பணக்காரங்களுக்கு ஆலோசகரா மாறின க்ரெச்சன் அந்த உலோக உருண்டைக்குள்ள கையை விடறாங்க, கை போயிடுது, உயிரும் போயிடுது. காலையில மியூசியத்துக்கு வந்த ஜனங்க ரத்தத்தையும் பொணத்தையும் பார்த்துட்டு, இதுவும் கலைப் படைப்புதான்னு நினைச்சுச் சுத்திச் சுத்தி வராங்க. ஜோசஃபீனா சுவர் ஓவியத்துக்குள்ளேயே கரைஞ்சு போறா. ரோடோரா உஷாராகி, வீட்டுல இருந்த எல்லாக் கலைப் பொருளையும் வெளிய அனுப்பிடறாங்க. ஆனா இளவயசுல பங்க் பேண்ட்ல இருந்தப்ப உடம்புல குத்தின ஒரு பச்சை இருக்கு. ஒரு ரம்பச் சக்கரம். படத்தோட பேரே அதுதான். அந்தச் சக்கரம் சுத்த ஆரம்பிக்குது. மோர்ஃபை ஹோபோமேன் முடிச்சிடறான்.

யாரைக் கொல்லுது, யாரை விடுது

நம்ம புத்தி டெவலப்பர் புத்தி இல்லையா, ஒரு சிஸ்டம் சிலருக்கு மட்டும் எரர் கொடுத்தா கண்டிஷன் என்னன்னு தேடுவோம். இந்தப் படத்தை ரெண்டாவது தடவை பார்த்தப்போ அதைத்தான் தேடினேன்.

உயிரோட தப்பிக்கறவங்க மூணு பேர். ஒண்ணு பியர்ஸ், ஜான் மால்கோவிச் பண்ற பாத்திரம். குடியை விட்ட பெரிய ஓவியர், இப்ப வரைய வரல. ரெண்டாவது டாம்ரிஷ், தெருவுலேருந்து வந்த இளம் ஓவியன், பெரிய கேலரி கையெழுத்துப் போட்டுத் தந்த வாய்ப்பை உதறிட்டுத் திரும்பிப் போறவன். மூணாவது கோகோ, ஒவ்வொரு முதலாளியா மாறி மாறி வேலை செஞ்சு, போற இடத்துல எல்லாம் பொணத்தைக் கண்டுபிடிக்கற பாவப்பட்ட உதவியாளர்.

பியர்ஸும் டாம்ரிஷும் டீஸோட ஓவியத்தைப் பார்க்கறாங்க. அசந்து போய் நிக்கறாங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகலை. அப்போ பார்க்கறது குத்தம் இல்லை. ரசிக்கறதும் குத்தம் இல்லை. அதை வெச்சுக் காசு பார்க்க நினைச்ச ஒவ்வொருத்தரும் சாகறாங்க. கண்டிஷன் அவ்வளவுதான். டீஸ் பண்ணக் கூடாதுன்னு சொன்னதைப் பண்ணி, அதுல லாபம் பார்த்தா ஆள் காலி.

கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இந்தப் படத்தோட பிரச்சினை அங்கதான் ஆரம்பிக்குது. இது ரொம்ப இருட்டான படம்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு என்னவோ இது ஆறுதல் சொல்ற படமாத்தான் தெரியுது. செத்தவன் பேச்சை மீறினா அவனே வந்து கேப்பான்னு நம்பறது எவ்வளவு நிம்மதி!

நிஜத்துல யாரும் வர மாட்டாங்க.

இது டான் கில்ராய்க்கே தெரியும். 2014-ல அவரோட முதல் படம் 'நைட்க்ராலர்'. அதே ஜிலன்ஹால், அதே ரெனே ருஸ்ஸோ, அதே லாஸ் ஏஞ்சலஸ். ராத்திரி விபத்து நடந்த இடத்துக்கு ஓடிப்போய் ரத்தத்தைப் படம் பிடிச்சு டிவி சேனலுக்கு விக்கறவனோட கதை. கூட வேலை செய்யற பையனையே சாக விட்டு, அதையும் படம் பிடிச்சு வித்துடறான். அவனை எந்தப் பேயும் பிடிக்கலை. படம் முடியறப்போ கம்பெனி பெருசாகி, புது ஆளுங்களுக்கு உபதேசம் பண்ணிட்டு இருக்கான். என்னைக் கேட்டா அதுதான் உண்மையான இருட்டு.

பேய் வராத கதைகள்

டீஸ் பாத்திரத்தைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தவர் ஹென்றி டார்கர். சிகாகோக்காரர், 1892-ல பிறந்தவர். சின்ன வயசுல மனநலக் காப்பகம் மாதிரி ஒரு இடத்துல போட்டுட்டாங்க, அங்கேருந்து தப்பிச்சு வந்தார். அப்புறம் வாழ்நாள் முழுக்க ஆஸ்பத்திரிகள்ல துப்புரவு வேலை மாதிரி கீழ்மட்ட வேலைகள். ஒரே ஒரு வாடகை அறையில 40 வருஷம் வாழ்ந்தார். 1972 கடைசியில உடம்பு முடியாம முதியோர் இல்லத்துக்குப் போனப்பதான் வீட்டுக்காரர் அறையைச் சுத்தம் பண்ண உள்ள போறார். உள்ள 15,000 பக்கத்துக்கு மேல டைப் அடிச்ச ஒரு நாவல், நூத்துக்கணக்கான ஓவியங்கள், சிலது ரெண்டு பக்கமும் வரைஞ்சது. யாருக்குமே தெரியாது.

வீட்டுக்காரர் நேத்தன் லெர்னர், அவரே ஒரு நல்ல போட்டோகிராஃபர். பார்த்ததும் மதிப்பு தெரிஞ்சுது. இதையெல்லாம் என்ன பண்ணறதுன்னு டார்கர் கிட்ட கேட்டதா சொல்றாங்க. தூக்கிப் போட்டுடுங்கன்னு சொன்னார்னு ஒரு கதை, நீங்களே வெச்சுக்கோங்கன்னு சொன்னார்னு இன்னொரு கதை. ரெண்டுமே அந்த வீட்டைச் சுத்தி இருந்தவங்க வழியா வந்த கதைகள்தான். எழுத்துல எதுவும் இல்லை. 1973 ஏப்ரல்ல டார்கர் இறந்துட்டார். பின்னாடி அவர் ஓவியம் ஒண்ணே ஏழு லட்சம் டாலருக்கு மேல ஏலம் போச்சு. நியூயார்க்ல இருக்கற அமெரிக்க நாட்டார் கலை மியூசியத்துல அவருக்குன்னு பெரிய சேகரிப்பே இருக்கு.

2022-ல டார்கரோட தூரத்துச் சொந்தக்காரங்க கோர்ட்டுக்கு வந்தாங்க. காப்புரிமை எங்களோடதுன்னு. உயிரோட இருந்தப்போ அந்த மனுஷனைப் பார்க்க யாரும் வந்ததில்லைன்னு நீங்க கோபப்படலாம். ஆனா சட்டத்துல ஒரு நுணுக்கம் இருக்கு, அது நம்ம துறை ஆளுங்களுக்குச் சட்டுனு புரியும். ஒருத்தர் கிட்ட பழைய லேப்டாப்பை வாங்கினா, அதுக்குள்ள இருக்கற கோடுக்கு நீங்க உரிமையாளர் ஆயிட மாட்டீங்க இல்லையா? ஓவியமும் அப்படித்தான். காகிதம் உங்களோடதா இருக்கலாம். அதை அச்சடிச்சு, புத்தகமாப் போட்டு, டி-சர்ட்ல போட்டு விக்கற உரிமை தனி. அமெரிக்காவுல அது படைச்சவர் இறந்ததுக்கு அப்புறம் 70 வருஷம். டார்கர் விஷயத்துல 2043 வரைக்கும்.

இதே சிகாகோவுல இன்னொருத்தங்க, விவியன் மேயர். பணக்கார வீடுகள்ல குழந்தை பார்த்துக்கற வேலை. கழுத்துல எப்பவும் கேமரா. தெருத் தெருவாப் போய் ஒரு லட்சத்துக்கும் மேல படம் எடுத்திருக்காங்க. யார்கிட்டயும் காட்டினதில்லை. எத்தனையோ ரோல்களைக் கழுவக்கூட இல்லை. வயசான காலத்துல சாமான் வெச்சிருந்த கிடங்குக்கு வாடகை கட்ட முடியல, 2007-ல அது ஏலத்துக்குப் போச்சு. ஜான் மலூஃப்னு ஒரு இளைஞர், சுமார் 400 டாலருக்கு ஒரு பெட்டி நெகட்டிவ் வாங்கினார். 2009-ல மேயர் இறந்துட்டாங்க. தன் படங்களை உலகம் பார்க்கப் போகுதுங்கறதே அவங்களுக்குத் தெரியாது. அப்புறம் கண்காட்சி, புத்தகம், ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போன ஆவணப்படம், அதுக்கப்புறம் பிரான்ஸ்ல வாரிசு தேடல், கோர்ட்டு.

மலூஃப் இல்லைன்னா நமக்கு மேயர் இல்லை. லெர்னர் இல்லைன்னா டார்கர் இல்லை. அவங்க ஓவியங்களையும் படங்களையும் நானும்தான் மணிக்கணக்கா இணையத்துல பார்த்திருக்கேன். பார்த்தது எனக்குச் சந்தோஷம். அதனால இவங்கதான் வில்லன், அவங்கதான் ஹீரோன்னு வெட்டுன மாதிரிச் சொல்ல முடியாது. அழிஞ்சு போகாம காப்பாத்தினதும் அவங்கதான், முதல்ல சம்பாதிச்சதும் அவங்கதான். ரெண்டும் ஒரே ஆளா இருக்கறதுதான் சிக்கல்.

உயிரோட இருக்கற ஓவியனுக்கே இந்த நிலைமைதான்னா பார்த்துக்கோங்க. 1973-ல, டார்கர் செத்த அதே வருஷம், நியூயார்க்ல ராபர்ட் ஸ்கல்னு ஒரு பெரிய சேகரிப்பாளர், டாக்ஸி கம்பெனி முதலாளி, தன் கிட்ட இருந்த ஓவியங்களை ஏலம் விட்டார். ராபர்ட் ரவுஷன்பர்க் கிட்டேருந்து 1958-ல 900 டாலருக்கு வாங்கின ஒரு படைப்பு 85,000 டாலருக்குப் போச்சு. ரவுஷன்பர்க் அங்கேயே நின்னுட்டு இருந்தார். கோபத்துல ஸ்கல்லைப் பிடிச்சுத் தள்ளிட்டார். அந்த 85,000-ல அவருக்கு ஒரு டாலர் கூடக் கிடையாது. உயிரோட இருந்ததால தள்ளவாவது முடிஞ்சுது.

பெரியம்மா சொன்னது

இதையெல்லாம் நான் இவ்வளவு யோசிக்கறதுக்கு ஒரு காரணம் இருக்கு. எங்க பெரியப்பா விருதுநகர் பக்கம். மின்வாரியத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ராத்திரி சாப்பிட்டதும் திண்ணையில உக்காந்து நோட்டுல எழுதுவார். நடுநடுவுல பேனாவாலேயே படம் போடுவார். எட்டிப் பார்த்தா மூடி வெச்சிடுவார். மூணு வருஷம் முன்னாடி தவறிட்டார். தகரப் பெட்டியில பதினோரு நோட்டு. சாகறதுக்கு ஒரு மாசம் முன்னாடி பெரியம்மா கிட்ட, நான் போனதும் இதைக் கொளுத்திடுன்னு சொல்லியிருக்கார்.

பதினாறாம் நாள் முடிஞ்சதும் அண்ணன், அதாவது பெரியப்பா மகன், எனக்கு போன் பண்ணினார். "தம்பி, நீதான் கம்ப்யூட்டர் ஆளு. ஒரு ஸ்கேனர் கொண்டாந்து எல்லாத்தையும் ஏத்திக் குடுத்துரு. அப்பா பேருல ஒரு புத்தகமாப் போட்டிரலாம்." அண்ணன் கெட்டவர் இல்லை. அப்பா மேல இருந்த பாசத்துலதான் கேட்டார். நானும் ஸ்கேனரோடதான் போனேன்.

பெரியம்மா பெட்டி மேலேயே உக்காந்திருந்தாங்க. என் கையில இருந்ததைப் பார்த்துட்டு, "ஏய்யா, அவுக சொன்னதை நான்தான காதால கேட்டேன். நீங்க யாரும் கேக்கலையே"ன்னாங்க. அண்ணன் சரி, அப்போ கொளுத்திடலாமான்னு கேட்டார். அதுக்கும் மாட்டேன்னுட்டாங்க. "கொளுத்த எனக்குக் கை வரல. நான் இருக்கற மட்டும் பெட்டியில கெடக்கட்டும். நீங்களும் படிக்க வேணாம்."

இப்ப வரைக்கும் பெட்டி அங்கேதான் இருக்கு. ஸ்கேனரை நான் திருப்பிக் கொண்டு வந்துட்டேன். உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க ஆசை இல்லைன்னு சொன்னா பொய். பெரியம்மா பண்ணினது பெரியப்பா சொன்னதும் இல்லை, அண்ணன் கேட்டதும் இல்லை. ஆனா அந்த வீட்டுல செத்தவர் சார்பா பேச ஒரு ஆள் இருந்தது. டீஸுக்கு அப்படி ஒருத்தரும் இல்லை. டார்கருக்கும் இல்லை, மேயருக்கும் இல்லை. படத்துல அந்த ஆள் இல்லாத குறையைத் தீர்க்கத்தான் டைரக்டர் பேயைக் கொண்டு வந்திருக்கார்னு எனக்குத் தோணுது.

படம் சறுக்கற இடம்

படத்துல டீஸை எப்படிக் காட்டறாங்கன்னு பாருங்க. கொடுமையான குழந்தைப் பருவம், மனநல மருத்துவமனை, வன்முறை, ஓவியத்துல கலந்த ரத்தம். ஒரு சாபம் பிடிச்ச மனுஷனா ஆக்கிடறாங்க. அதனால நமக்கு என்ன தோணுது? ஐயோ, ஆபத்தான ஓவியம், அவர் சொன்னபடியே எரிச்சிருக்கலாமேன்னு பயப்படறோம். பயத்துல வர்ற மரியாதை அது. டீஸ் சாதாரணமான, யாருக்கும் தொந்தரவு கொடுக்காத, என் பெரியப்பா மாதிரி ஒரு மனுஷனா இருந்து, எனக்கு இதை யாருக்கும் காட்ட இஷ்டம் இல்லைன்னு மட்டும் சொல்லியிருந்தா? அந்தப் பேச்சுக்கு மதிப்பு இருக்கணுமா இல்லையா? அந்தக் கேள்விகிட்ட படம் போகவே இல்லை.

கிண்டலும் சில இடத்துல ரொம்ப ஈஸியான கிண்டல். ஸ்டூடியோவுல கிடக்கற குப்பை மூட்டையைப் பார்த்து டான்டன் ஆஹா ஓஹோன்னு சொல்ல, பியர்ஸ் அது கலை இல்லைன்னு சொல்ற காட்சி சிரிப்பாத்தான் இருக்கு. ஆனா நிஜம் இதைத் தாண்டிப் போயிடுச்சு. 2004-ல லண்டன் டேட் பிரிட்டன்ல குஸ்தாவ் மெட்ஸ்கரோட படைப்புல ஒரு பகுதியா இருந்த குப்பைப் பையை, துப்புரவுப் பணியாளர் நிஜக் குப்பைன்னு நினைச்சு எடுத்துப் போட்டுட்டார். 2015-ல இத்தாலியில போல்ஸானோ நகர மியூசியத்துலயும் இதே மாதிரி ஒண்ணு நடந்துச்சு. 2018 அக்டோபர்ல லண்டன் சதபீஸ்ல பேங்க்ஸியோட ஓவியம் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல ஏலம் போன அடுத்த நொடியே, சட்டத்துக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்த மிஷின் அதைக் கிழிச்சுது. சந்தையை அவமானப்படுத்தத்தான் கிழிச்சாங்க. மூணு வருஷம் கழிச்சு அந்தக் கிழிஞ்ச ஓவியம் 1 கோடியே 85 லட்சம் பவுண்டுக்கு மேல போச்சு. எதிர்ப்பையும் விலை போட்டு வாங்கிடற இடம் அது. அங்க பேய் வந்தாக்கூட அதையும் ஏலத்துல விட்டுடுவாங்க.

ஆனா கடைசி ரெண்டு காட்சிக்காக இந்தப் படத்தை மன்னிச்சுடலாம். டீஸோட ஓவியங்கள் சில எப்படியோ தெருவுக்கு வந்துடுது. ஒருத்தர் நடைபாதையில பரப்பி வெச்சு ஒண்ணு 5 டாலர்னு விக்கறார். அது யாரோடதுன்னும் தெரியாது, என்ன மதிப்புன்னும் தெரியாது. பிடிச்சவங்க வாங்கிட்டுப் போறாங்க. அப்புறம் டைட்டில் ஓடறப்போ, பியர்ஸ் கடற்கரையில ஒரு குச்சியை வெச்சுக்கிட்டு மணல்ல பெரிய பெரிய வளைவுகளா கோடு போட்டுட்டே போறார். யாரும் வாங்க முடியாது. கிடங்குல வைக்க முடியாது. அலை வந்தா போயிடும். முதல் தடவையா அந்த மனுஷன் முகத்துல சந்தோஷம் தெரியுது.

படத்தைப் பாருங்க, முடிஞ்சா 'நைட்க்ராலர்' முதல்ல, இது அடுத்தது. பார்த்துட்டு உங்க வீட்டுப் பரண்ல, பீரோவுல, பழைய போன்ல, இப்ப இல்லாத ஒருத்தர் யாருக்கும் காட்டாம வெச்சிருந்தது ஏதாவது இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க. இருந்தா, அதைத் திறக்கறதுக்கு முன்னாடி, அவங்க என்ன சொன்னாங்கன்னு காதால கேட்டவங்க யாராவது வீட்டுல இருக்காங்களான்னு கேளுங்க. நீங்க என்ன முடிவு எடுத்தீங்கன்னு எனக்கும் எழுதுங்க, பேர் போடாம அடுத்த எபிசோட்ல படிக்கறேன்.